‘ஃ’ விசையும் எழுதாத ஒன்பது கட்டுரைகளும்

வாசகரின் கடிதம், சுருக்கமாக (அடையாளம் தெரியும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன):

ஆறு ஆண்டுகளாக ஒரு வார இதழில் நகைச்சுவைப் பத்தி எழுதிவருபவர் இவர். பகலில் வேறு வேலை, இரவில் எழுத்து. பத்திகளைப் படித்த பதிப்பகம் ஒன்று பன்னிரண்டு புதிய கட்டுரைகளுக்கு ஒப்பந்தம் போட்டு முன்பணமும் கொடுத்துவிட்டது. கட்டுரைக்கு 2,000 சொல், மொத்தம் 24,000. ஆறு மாத அவகாசத்தில் இப்போது 47 நாள்தான் பாக்கி. கையில் இருப்பது ஒரு முழுக் கட்டுரையும் இரண்டு அரைகுறைகளும். எல்லாம் சேர்த்து 3,100 சொல். ஒன்பது கட்டுரைகளை இன்னும் தொடவே இல்லை.

இடைப்பட்ட மாதங்களில் புத்தக அலமாரியை ஆசிரியர் பெயர்ப்படி அடுக்கினார், பிறகு அட்டை நிறப்படி, பிறகு மறுபடியும் பெயர்ப்படி. கவனச்சிதறலைத் தடுக்கும் செயலிகள் நான்கை ஒப்பிட்டு அட்டவணை போட்டார், ஒன்றையும் நிறுவவில்லை. விசைப்பலகையைக் கழற்றிப் பஞ்சுக்குச்சியால் துடைத்தார். ‘ஃ’ விசைக்கு மட்டும் கால் மணி நேரம். எழுதிய 3,100 சொல்லில் ஒரு ஃ கூட வரவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தாராம்.

அவர் கேட்பவை: நான் சோம்பேறியா? நெருக்கடி வந்தால்தான் எனக்கு எழுத்து வரும், எனவே கடைசிப் பத்து நாளில் முடித்துவிடலாமா? பதிப்பாசிரியரிடம் இப்போதே சொல்வதா, இல்லை முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலைமறைவாவதா? இதற்கு மருந்து உண்டா? தள்ளிப்போடுவதைப் பற்றிய நான்காம் கட்டுரையை எழுத வேண்டிய ஓர் இரவில், 11 மணியிலிருந்து ஒன்றரை மணி வரை உட்கார்ந்து இந்த 1,940 சொல் கடிதத்தை எழுதியிருக்கிறார். கையெழுத்து: ‘நாளைக்காரன்’.

அன்புள்ள நாளைக்காரருக்கு,

கடிதத்தை முதலில் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது ஒரு கணக்குக் கண்ணில் பட்டது. இரண்டரை மணி நேரத்தில் 1,940 சொல் எழுதியிருக்கிறீர்கள். 800 சொல் பத்தி ஒன்றுக்குத் திருத்தத்தோடு ஐந்து மணி நேரம் ஆகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பத்தியில் மணிக்கு 160 சொல். கடிதத்தில் ஏறக்குறைய அதைப்போல ஐந்து மடங்கு. அதே ஆள், அதே மேசை, அதே பளபளக்கும் விசைப்பலகை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

சோம்பேறியா என்ற கேள்வி

மடியின்மை அதிகாரத்தின் 605ஆம் குறள் நெடுநீர், மறவி, மடி, துயில் என நான்கைத் தனித்தனியாக எண்ணுகிறது. நெடுநீர் என்றால் செய்ய வேண்டியதைக் காலம் நீட்டித்துக்கொண்டே போவது, மடிதான் சோம்பல். இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் ஏழு சீருக்குள் இரண்டு சொல்லைச் செலவழித்திருக்க மாட்டார் வள்ளுவர். சோம்பேறி படுத்துக்கிடப்பான், அது அவனை உறுத்தவும் செய்யாது. அலமாரியை மூன்று முறை அடுக்கியவருக்கு அந்தப் பட்டம் பொருந்தாது. உங்களுக்கு இருப்பது நெடுநீர்.

உளவியலில் இதை இப்போது நேர நிர்வாகக் கோளாறாக மட்டும் பார்ப்பதில்லை. ஒரு வேலையை நினைத்ததும் எழும் கசப்பிலிருந்து உடனடியாகத் தப்பிக்கும் வழி அது என்று ஃபுஷியா சிரோய், டிமோத்தி பிச்சில் இருவரும் 2013இல் விளக்கினார்கள். இந்த நிமிடத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ள, செலவை நாளைய ஆள் தலையில் கட்டிவிடுகிறோம். நாளைய ஆளும் நாமேதான் என்பது அப்போது உறைப்பதில்லை.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தி இதற்கு அருமையான சாட்சி. ஓர் இரவை நிமிடவாரியாகக் குறித்திருக்கிறீர்கள். 9:00, கோப்பைத் திறந்தேன். 9:02, தலைப்பின் எழுத்துருவை மாற்றினேன். 9:04, முதல் வாக்கியம். 9:05, அழித்தேன். 9:07, வேறொரு வாக்கியம், சிரிப்பே வரவில்லை. 9:11, விசைப்பலகையில் தூசி இருப்பது தெரிந்தது.

அந்தத் தூசி ஆறு மாதமாக அங்கேதான் இருந்தது. 9:11க்கு அது ஏன் கண்ணில் பட வேண்டும்? 9:07லிருந்து 9:11 வரை நீங்கள் எதுவும் குறிக்கவில்லை. அந்த நான்கு நிமிடத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது: ‘இது சிரிப்பாகவே இல்லை, பத்தி எழுதத்தான் நான் லாயக்கு, புத்தகம் நமக்கு எட்டாது’ என்ற நினைப்பும் அதோடு வரும் வயிற்றுப் பிசைவும். தூசியைப் பார்த்துப் பஞ்சுக்குச்சியைத் தேடி எழுந்தவுடன் அந்தப் பிசைவு விட்டுவிடுகிறது. அந்த நிம்மதிதான் நீங்கள் ஓடியதற்குக் கிடைத்த கூலி. கூலி கிடைத்த வேலையை மனம் மறுபடியும் செய்யும், அடுத்த முறை 9:08க்கே. இப்படியே போனால் ஒரு கட்டத்தில் கோப்பைத் திறப்பதற்கு முன்பே அலமாரி கூப்பிடும். உங்களுக்கு அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடிதம் எழுதிய இரவில் இந்தப் பிசைவு இல்லை. கடிதத்துக்கு யாரும் மதிப்புரை எழுதப்போவதில்லை, அது மோசமாக இருக்க உங்களுக்கு அனுமதி இருந்தது. ஐந்து மடங்கு வேகம் அங்கிருந்துதான் வந்தது.

‘நான் ஒரு பர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தள்ளிப்போடுதல் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளை பியர்ஸ் ஸ்டீல் 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, முழுமைவாதத்துக்கும் இதற்கும் தொடர்பு மிகச் சொற்பமாகத்தான் இருந்தது. வேலை எவ்வளவு கசக்கிறது, ஆள் எவ்வளவு சட்டென்று திசைமாறுகிறார் என்பவைதான் வலுவாக நின்றன. ஆகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். தரம் பார்க்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள், தள்ளிப்போடுவதில்தான் கைதேர்ந்தவராயிற்றே.

நெருக்கடி வந்தால்தான் வரும் என்ற நம்பிக்கை

வேறு எப்படியும் எழுதிப் பார்க்காதவருக்கு ஒப்பிட என்ன இருக்கிறது? கடைசி நேரத்தில் எழுதியது நன்றாக வந்திருக்கலாம். நான்கு நாள் முன்னால் தொடங்கியிருந்தால் எப்படி வந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியாது. டயேன் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997இல் கல்லூரி மாணவர்களைப் பருவம் முழுக்கக் கவனித்தார்கள். தள்ளிப்போட்டவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். கடைசியில் அவர்களுக்குத்தான் மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

அளவையும் யோசியுங்கள். 800 சொல் பத்தியை ஓர் இரவில் காப்பாற்றிவிடலாம். 20,900 சொல்லைக் கடைசிப் பத்து நாளில் என்றால் நாளுக்கு 2,090 சொல். உங்கள் வேகத்தில் பதின்மூன்று மணி நேரம். அலுவலகத்துக்குப் போய்வந்த பிறகு!

கடித வேகத்தில் எழுதிவிடலாமே என்று இப்போது தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று ரோஜர் ப்யூலரும் சகாக்களும் கேட்டு 1994இல் வெளியிட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாள். எதிர்காலத்தைக் கற்பனை செய்யும்போது காய்ச்சல், விருந்தாளி, மின்தடை எதுவும் அதில் வருவதில்லை. அதனால் ஆசையை விட்டுவிட்டு, ஏற்கெனவே நடந்ததை வைத்துக் கணக்குப் போடுவோம்.

வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு போனால் 47 நாளில் 40 நாள் தேறும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியும் என்கிறீர்கள். மொத்தம் 60 மணி நேரம். மணிக்கு 160 வீதம் 9,600 சொல். கையிலிருப்பதோடு 12,700, அதாவது ஆறு கட்டுரையும் கொஞ்சமும். மீதி 11,300 சொல்லுக்கு எழுபது மணி நேரம், எட்டு வாரம். அதோடு நாலில் ஒரு பங்கு சேர்த்துப் பத்து வாரம் என்று வையுங்கள். ஒப்பந்தத் தேதிக்குள் முழு நூல் வராது. கசப்பான செய்திதான், ஆனால் 47 நாள் மீதமிருக்கும்போது தெரிவது நல்லது.

பதிப்பாசிரியரிடம் என்ன சொல்வது

இந்த வாரமே சொல்லுங்கள். அதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து மூன்று இடங்களைப் படியுங்கள்: கையெழுத்துப் படியை ஒப்படைக்கும் தேதி, கால நீட்டிப்பை எப்படிக் கேட்க வேண்டும் என்பது, ஒப்படைக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்பது. குறித்த தேதியில் தரவில்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் முன்பணத்தைத் திரும்பக் கேட்கவும் பதிப்பாளருக்கு உரிமை தரும் ஒப்பந்தங்கள் பல உண்டு. உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் செல்லும். வாசகம் புரியாவிட்டால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நீட்டிப்புக் கிடைத்தால் அது எழுத்தில் இருக்கட்டும். தொலைபேசியில் ‘பரவாயில்லை சார், மெதுவாகக் கொடுங்க’ என்றாலும், பேசி முடித்ததும் புதிய தேதியைக் குறித்து ஒரு மின்னஞ்சல் அனுப்பி ‘சரி’ என்ற பதிலை வாங்கிவிடுங்கள்.

தேதி கடந்த பிறகு சொன்னால் அவருக்கு அதிர்ச்சி, அச்சக ஏற்பாடும் குலையும். முன்கூட்டிச் சொன்னால் அது வெறும் மாற்றம். அஞ்சலில் மன்னிப்புப் புராணம் வேண்டாம். உங்கள் நடையில் எழுத ஆரம்பித்தால் அது 1,940 சொல் ஆகிவிடும் என்பதால் ஒரு மாதிரி தருகிறேன்:

‘ஒப்பந்தத் தேதிக்குள் ஆறு கட்டுரைகளைத் தர முடியும். மீதி ஆறுக்குக் கூடுதலாகப் பத்து வாரம் வேண்டும். ஒன்பது பத்து நாளுக்கு ஒரு கட்டுரை வீதம் அனுப்புகிறேன். முதல் கட்டுரை வரும் தேதி இது. அந்தந்தத் தேதியில் நீங்கள் ஒரு முறை கேட்டால் எனக்கு உதவியாக இருக்கும்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். டான் ஏரியலி, கிளாஸ் வெர்டென்ப்ரோக் இருவரும் 2002இல் வெளியிட்ட சோதனைகளில், சீரான இடைவெளியில் பிறர் வைத்த கெடுக்கள்தான் ஒற்றைக் கடைசித் தேதியைவிடவும், ஆட்களே தமக்கு வைத்துக்கொண்ட கெடுக்களைவிடவும் நன்றாக வேலை செய்தன. உங்கள் வாழ்க்கையும் அதையே சொல்கிறது. ஆறு ஆண்டில் ஒரு வாரப் பத்தி கூடத் தவறவில்லை, காரணம் புதன்கிழமைதோறும் உதவி ஆசிரியர் கூப்பிடுகிறார் என்கிறீர்கள். புத்தகத்துக்குப் புதன்கிழமை இல்லை. கேட்டு வாங்குங்கள்.

முன்பணத்தைத் திருப்பித் தருவது? இந்த நூலை எழுத விருப்பமே இல்லை என்றால் அது கண்ணியமான வழி. ஆனால் கடிதத்தில் எங்கேயும் அப்படிப்பட்ட தொனி இல்லை. இப்போது திருப்பிக் கொடுப்பது பெரிய அளவில் விசைப்பலகை துடைப்பதுதான்: உடனே நிம்மதி, பிறகு வெகுகாலம் உறுத்தல்.

தினமும் அந்த ஒன்றரை மணி நேரம்

40 நிமிடம் எழுத்து, 10 நிமிடம் நடை, மறுபடி 40 நிமிடம். இதற்கு மேல் வேண்டாம். வேகம் பிடித்த நாளிலும் நிறுத்துங்கள். ஒரு நாள் ஐந்து மணி நேரம் எழுதி, அந்தக் களைப்பில் நான்கு நாள் ஓய்ந்து கிடப்பது உங்களைப் போன்றவர்களிடம் அடிக்கடி காண்பது.

‘இன்று எழுத வேண்டும்’ என்று நினைக்காமல் எப்போது, எங்கே, எந்த முதல் அசைவு என்பதை முன்கூட்டிக் கட்டிவிடுங்கள். ‘இரவு 9 மணிக்கு மேசையில் உட்கார்ந்ததும் நேற்று பாதியில் விட்ட வாக்கியத்தை முடிப்பேன்’ என்பது போல. இப்படி ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போட்ட தீர்மானங்கள் வெறும் தீர்மானங்களைவிட அதிகம் நிறைவேறுகின்றன என்று பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதினார். அதற்காகவே தினமும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள். வெற்றுப் பக்கத்தைவிட அரை வாக்கியம் நட்பானது. தலைப்பு, எழுத்துரு, வரி இடைவெளி எல்லாம் பன்னிரண்டாம் கட்டுரைக்குப் பிறகு. கைபேசி வேறு அறையில், சத்தமில்லாமல் அல்ல, அணைத்தே இருக்கட்டும். திரும்ப உயிர்பெற அது எடுத்துக்கொள்ளும் நேரமே பாதித் தடுப்பு.

முதல் 40 நிமிடத்தில் அழிக்கும் விசைக்கு வேலை கிடையாது. நகைச்சுவைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சோக வரியைப் பாதியில் மதிப்பிட்டால் அது தாங்கும், சிரிப்பு தாங்காது. மூன்றாம் முறை படித்தாலே உங்களுக்கு உங்கள் சிரிப்பு செத்துவிடும், வாசகருக்கு அது முதல் முறை என்பது மறந்துபோகும். எனவே இடம் வரும்போது நகைச்சுவை வராவிட்டால் [இங்கே சிரிப்பு] என்று அடைப்புக்குள் எழுதிவிட்டுக் கதையை நகர்த்துங்கள். ஒரு கட்டுரையில் ஏழெட்டு அடைப்பு இருந்தாலும் தப்பில்லை. இரண்டு நாள் கழித்து, இரண்டாம் 40 நிமிடத்தில், அடைப்புகளை மட்டும் நிரப்புங்கள். எங்கே சிரிப்பு வேண்டும் என்று தெரிந்த பிறகு எந்தச் சிரிப்பு என்று யோசிப்பது சுலபம்.

9:07 வரும். வயிறு பிசையும். அதை விரட்டப் பார்க்காமல் தாளில் ஒரு வரி எழுதுங்கள்: ‘9:07, பயம்.’ கைகளை விசைப்பலகையிலிருந்து எடுக்காமல் அடுத்த மோசமான வாக்கியத்தை அடியுங்கள். அந்தப் பிசைவு அலைபோல ஏறி இறங்கும்; ஏறும்போது எழுந்துவிடுவதால்தான் அது இறங்குவதை நீங்கள் பார்த்ததே இல்லை.

‘நகைச்சுவைக்கு மூடு வேண்டும்’ என்கிறீர்கள். எழுதத் திணறிய 27 பேராசிரியர்களை ராபர்ட் பாய்ஸ் மூன்று குழுவாகப் பிரித்தார். ஆய்வு 1983இல் வெளிவந்தது. எழுதவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்குப் புதிய எண்ணம் ஐந்து நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தது. மூடு வந்தபோது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று. கட்டாயத்தின் பேரில் தினமும் எழுதியவர்களுக்கு நாளுக்கு ஒன்று. மூடு எழுத்துக்குப் பின்னால் வருகிறது.

அலமாரி ஆசையை அடியோடு ஒழிக்க முடியாது. ஒரு வேலையிலிருந்து தப்பிக்க இன்னொரு உருப்படியான வேலையைச் செய்தாலே போதும் என்று வாதிட்டு, 2011இல் இலக்கியத்துக்கான இக்நோபல் கேலிப் பரிசு வாங்கினார் தத்துவப் பேராசிரியர் ஜான் பெர்ரி. அதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: எப்போதும் இரண்டு கட்டுரைகளைத் திறந்து வையுங்கள், ஒன்றிலிருந்து ஓடினால் மற்றதில் போய் விழும்படி. மூன்றாவது வேண்டாம்.

விட்டுப்போன நாள் வரும். மறுநாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்ட முயலாதீர்கள். கணக்கில் சேர்த்த நாலில் ஒரு பங்கு அதற்காகத்தான். உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள் என்று மைக்கேல் வோல், பிச்சில், பென்னட் மூவரும் 2010இல் கண்டார்கள். திட்டு அந்த வேலையோடு இன்னொரு கசப்பைக் கட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதே இனத்தில் உங்கள் கேலியும் சேரும். நண்பர்கள் கூடும் இடமெல்லாம் ‘என் எழுதாத புத்தகம்’ பற்றிச் சொல்லிச் சிரிக்கவைக்கிறீர்கள். டெனிஸ் அப்பர் என்ற உளவியலாளர் 1974இல் எழுத்துத் தடைக்குத் தனக்குத்தானே செய்துகொண்ட தோல்வியுற்ற சிகிச்சை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தலைப்புக்குக் கீழே வெற்றுப் பக்கம். எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை என்று மதிப்பாய்வாளர் எழுதினார். அந்தப் பகடியாவது அச்சேறியது. உங்களுடையது கைதட்டலோடு காற்றில் போகிறது, அந்தக் கைதட்டல் எழுதி முடித்த நிறைவில் பாதியை முன்கூட்டியே கொடுத்தும் விடுகிறது. 47 நாளைக்கு இந்த வித்தையை வாயால் செய்யாதீர்கள்.

மருந்து பற்றி

தள்ளிப்போடுதல் தனி நோயல்ல, அதற்கென்று மாத்திரையும் கிடையாது. ஆனால் அது சில வேளை வேறொன்றின் அறிகுறி. பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே பொருள்களைத் தொலைப்பது, கட்டணங்களைக் கட்ட மறப்பது, பேச்சின் நடுவே கவனம் நழுவுவது என்று எல்லா இடத்திலும் இருந்தால் ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு உள்ளதா என்று மனநல மருத்துவரிடம் பரிசோதிக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, பிடித்தவற்றிலும் நாட்டம் போய், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அல்லது வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், இந்த அட்டவணைகளை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆறு ஆண்டு தவறாத பத்தியும், கடிதம் முழுக்க ஓடும் குறும்பும் இந்த இரண்டையும் சுட்டவில்லை. ஆனாலும் கடிதத்தை வைத்து நோயைக் கணிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் நேரில் போங்கள்.

உங்கள் கடிதத்தின் படி ஒன்றை இந்தப் பதிலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டு பத்தியில் இருக்கும் மன்னிப்பையும், கடைசியில் என்னிடம் கேட்ட கேள்விகளையும் அடித்துவிட்டேன்; சுமார் 400 சொல் போயிற்று. மிச்சம் 1,540. கோப்பைத் திறந்தேன் என்று 9:00 மணியில் தொடங்குகிறது. ‘ஃ’ இருக்கும் பத்திக்குப் பக்கத்தில் ஓர் அடைப்பு போட்டு [இங்கே சிரிப்பு வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது] என்று எழுதியிருக்கிறேன். இதை மேலே போட்ட கணக்கில் சேர்க்கவில்லை. நான்காம் கட்டுரைக்கு இன்னும் 460 சொல் பாக்கி.